யார் தோல், யார் சொல்

ஊசியோடு உள்ளே போவது பெரும்பாலும் கரி. வெளியே தெரிவது பச்சை. தமிழ் இதைப் பச்சை குத்துவது என்றே சொல்லி வந்திருக்கிறது. சொல் எப்படிப் பிறந்திருந்தாலும் பொருத்தம் குறையாத சொல். கறுப்பு மை தோலின் மேற்பரப்பில் தங்குவதில்லை. மேல்தோலைத் தாண்டி, ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில், அடித்தோலில் போய் அமர்கிறது. வெளிச்சம் அந்த ஆழம் வரை போய்த் திரும்ப வேண்டும். சிவப்பு ஒளி நேராக இறங்கிக் கரியில் மாட்டிக்கொள்கிறது. நீல ஒளி பாதி வழியிலேயே சிதறித் திரும்பிவிடுகிறது. நம் கண்ணுக்கு வந்து சேர்வது அந்த மிச்சம்தான். ஆகவே கேட்டது கறுப்பானாலும் கிடைப்பது நீலமும் பச்சையும் கலந்த ஒரு நிறம். குத்திக்கொள்பவர் தீர்மானித்ததைத் தோல் முதல் நாளே கொஞ்சம் திருத்திவிடுகிறது.

பச்சை என்பது ஒருவர் தன்னை வெளிப்படுத்திக்கொள்ளும் வழி என்று இன்று எல்லோரும் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அந்த வாக்கியத்தில் ‘தன்னை’ என்ற சொல்தான் புதிது. பச்சை ஐயாயிரம் ஆண்டுக்கும் மேல் பழையது. ஆனால் எதை எழுதுவது, எங்கே எழுதுவது, எழுதுவதா வேண்டாமா என்று தோலுக்குச் சொந்தக்காரரே முடிவு செய்வது பரவலானது அண்மையில்தான். அதற்கு முன்னால் பல இடங்களில் அந்த முடிவு வைத்தியர் கையிலோ, குலத்தின் கையிலோ, எஜமானன் கையிலோ, நீதிபதி கையிலோ இருந்தது. ஒரு பச்சையைப் பார்த்ததும் ‘இதன் அர்த்தம் என்ன?’ என்று கேட்கிறோம். ‘இதை முடிவு செய்தது யார்?’ என்று கேட்டால் இன்னும் நிறைய விளங்கும் என்பது என் எண்ணம்.

1991இல் ஆஸ்திரியாவுக்கும் இத்தாலிக்கும் இடைப்பட்ட ஆல்ப்ஸ் மலைப் பனியில் கிடைத்த ஓட்ஸி என்ற மனிதரை எடுத்துக்கொள்வோம். இறந்து சுமார் 5,300 ஆண்டுகள். உடலில் 61 பச்சைக் குறிகள். உருவம் என்று சொல்ல எதுவும் இல்லை. சிறு கோடுகள் கொத்துக்கொத்தாக இருக்கின்றன, இரண்டு சிலுவை வடிவங்கள் இருக்கின்றன. அவை இருக்கும் இடங்கள்தான் பேசுகின்றன: கீழ்முதுகு, முழங்கால், கணுக்கால், மணிக்கட்டு. எக்ஸ்ரேயில் பார்த்தால் அந்த மூட்டுகளில் பல தேய்ந்திருக்கின்றன. வலிக்குச் செய்த வைத்தியமாக இருக்கும் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். அப்படியானால் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய பச்சைகள் யாருக்கும் எதையும் சொல்ல வந்தவை அல்ல. மூட்டில் தடவிய தைலத்தைப் போன்றவை. முதுகில் இருந்ததை அவர் கண்ணால் பார்த்திருக்கவும் முடியாது.

ஏறக்குறைய அதே காலத்தில் எகிப்தின் கெபலைன் என்ற இடத்தில் புதைக்கப்பட்ட ஓர் இளைஞனின் உடல், நூறாண்டுக்கும் மேலாக லண்டனின் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருந்துவந்தது. மேற்கையில் கறுப்பாக ஏதோ கறை. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அகச்சிவப்புக் கதிர்ப் படத்தில் அது வெளிப்பட்டு, 2018இல் அறிவிக்கப்பட்டது: கொம்பு நீண்ட ஒரு காட்டெருது, அதன்மேல் சற்றே படிந்தாற்போல் வளைந்த கொம்புடைய ஒரு காட்டு ஆடு. இங்கே உருவம் வந்துவிட்டது. சட்டையில்லாத காலத்தில் மேற்கை என்பது எல்லோரும் பார்க்கும் இடம். வீரத்தைச் சொன்னானா, வேட்டையைச் சொன்னானா, தன் கூட்டத்தைச் சொன்னானா, கேட்க இனி ஆள் இல்லை.

கிரேக்கர்களிடமும் ரோமர்களிடமும் பேச்சே வேறு. அவர்களுக்குப் பச்சை என்றால் அடிமை, தப்பியோடிப் பிடிபட்டவன், தண்டனை பெற்றவன். குத்துதல் என்ற பொருளுள்ள கிரேக்க வினையிலிருந்து பிறந்த ‘ஸ்டிக்மா’ என்ற சொல்தான் இன்று பல ஐரோப்பிய மொழிகளில் சமூகக் களங்கத்துக்குப் பெயர். நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேரரசர் கான்ஸ்டன்டைன் போட்ட ஒரு சட்டம், சுரங்கத்துக்கும் வாட்போர் அரங்குக்கும் அனுப்பப்படும் குற்றவாளிகளின் முகத்தில் குறி எழுதுவதைத் தடை செய்தது. முகம் தெய்வ அழகின் சாயலில் அமைந்தது, அதைக் கெடுக்கக் கூடாது என்பது காரணம். கையிலும் கெண்டைக்காலிலும் எழுதிக்கொள்ளலாம் என்று அதே சட்டம் சொல்லிவிட்டது. கருணைக்கும் ஓர் எல்லை வைத்திருந்தார்கள்.

ஜப்பானில் 18ஆம் நூற்றாண்டில் திருடர்களுக்குக் கையில் கோடு குத்துவது தண்டனை. சில பகுதிகளில் நெற்றியில். அந்தக் கோட்டை அழிக்க வழியில்லை. ஆனால் அதன்மேல் இன்னும் பெரிதாக, இன்னும் அழகாக ஒன்றைக் குத்திக்கொண்டு மறைத்தவர்கள் இருந்தார்கள். அரசு எழுதிய ஒரு வரியைச் சுற்றி நாகமும் அலையும் பூவும் வளர்ந்து அதை விழுங்கிவிட்டன. 1872இல் மெய்ஜி அரசு அலங்காரப் பச்சையையும் சேர்த்துத் தடை செய்தது. 1948 வரை அந்தத் தடை நீடித்தது. அதற்குள் பச்சை என்றாலே ரவுடிக் கும்பல் என்ற எண்ணம் ஊறிவிட்டதால், இன்றும் அந்நாட்டின் பொதுக் குளியல் கூடங்கள் பலவற்றில் பச்சை குத்தியவர்களை உள்ளே விடுவதில்லை.

ஆனால் இந்தக் கேள்வி மிகக் கூர்மையாக வந்து நிற்பது அவுஷ்விட்ஸில். நாஜி வதைமுகாம்களில் கைதிகளின் உடலில் எண்ணைக் குத்தியது அந்த முகாம் வளாகம் மட்டுமே. முதலில் ஊசிகளால் ஆன ஓர் உலோக முத்திரையை மார்பில் அழுத்திப் பார்த்தார்கள். பிறகு ஒற்றை ஊசியால் இடது முன்கையில் எண்ணைக் குத்தினார்கள். அங்கே வழங்கப்பட்ட பதிவு எண்கள் 4 லட்சத்துக்கும் மேல். ரயிலிலிருந்து இறங்கியதும் நேரே நச்சுவாயு அறைக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு எண்கூட இல்லை. உயிர் தப்பியவர்களில் சிலர் பிற்காலத்தில் அந்த எண்ணை அகற்றிக்கொண்டார்கள்; சிலர் முழுக்கைச் சட்டைக்குள் மறைத்தார்கள்; சிலர் மறைக்கவே மாட்டோம் என்றார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளில் சிலர் இப்போது தாத்தாவின் எண்ணை, பாட்டியின் எண்ணை, அதே இடது முன்கையில் தாங்களாகவே போய்க் குத்திக்கொள்கிறார்கள். இலக்கங்கள் அவையே, இடமும் அதுவே. முதலாவது மனிதனைச் சரக்காக்கிய குறி, இரண்டாவது அன்பு. இது நியாயமா என்று அந்தக் குடும்பங்களுக்குள்ளேயே வாதம் நடக்கிறது. வெளியாள் தீர்ப்புச் சொல்ல வேண்டிய இடம் அல்ல அது. ஆனால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது: பச்சையின் பொருள் உருவத்தில் மட்டும் இருப்பதில்லை, ஊசியைக் கேட்டது யார் என்பதிலும் இருக்கிறது.

தனிமனிதன், அதிகாரம் என்று இரண்டாகப் பிரித்தாலும் கணக்குத் தீராது. பசிபிக் தீவுகளுக்குப் போனால் மூன்றாவதாக ஒன்று நிற்கிறது. ‘டாட்டூ’ என்ற சொல்லே ‘டடாவ்’ என்ற பாலினேசியச் சொல்லின் வழி வந்தது; 1769இல் டஹிட்டியில் தங்கிய ஜேம்ஸ் குக்கின் கப்பல்காரர்கள் அதை எழுதிவைத்து ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார்கள். சமோவாவில் ஆண்கள் இடுப்பிலிருந்து முழங்கால் வரை குத்திக்கொள்ளும் ‘பெஆ’ பல நாள் வேதனை. தாங்க முடியாமல் பாதியில் எழுந்துவிட்டால் அந்த அரைகுறை உடலோடு வாழ்நாள் முழுக்கத் தலைகுனிவு. அது முதலில் குடும்பமும் ஊரும் எழுதுகிற எழுத்து. நியூசிலாந்தின் மவோரிகளுக்கு முகத்தில் செதுக்கும் ‘மோகோ’ வம்சாவளியையும் தகுதியையும் சொல்வது. ‘செதுக்கும்’ என்பது அலங்காரச் சொல் அல்ல. எலும்பு உளியால் தோலில் பள்ளம் வெட்டிய வேலை அது. 1840இல் பிரிட்டிஷ் அரசோடு செய்த வைதாங்கி ஒப்பந்தத்தில் மவோரித் தலைவர்கள் சிலர் கையெழுத்துக்குப் பதிலாகத் தங்கள் மோகோவின் ஒரு பகுதியைத் தாளில் வரைந்தார்கள். முகமே கையெழுத்து. 2020இல் அந்நாட்டின் வெளியுறவு அமைச்சரான நனையா மஹுதா தாடையில் மோகோவுடன் பதவிக்கு வந்தார். அதைப் பார்த்து ‘என்ன ஒரு துணிச்சலான ஸ்டைல்’ என்று வியந்த வெளிநாட்டார் உண்டு. முன்னோர் பெயரை முகத்தில் தாங்கியிருப்பவரிடம் ஸ்டைல் பற்றிப் பேசுவது கொஞ்சம் விவஸ்தையற்ற பேச்சு.

ஊரும் குலமும் எழுதிய இந்தச் சொல் தனிமனிதரின் சொல்லாக மாறியதில் ஒரு எழுதுபொருளுக்குப் பங்குண்டு. 1876இல் தாமஸ் எடிசன் மின்பேனா ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். தாளில் பொடிப்பொடியாகத் துளை போட்டு, அதை அச்சாக வைத்துப் பிரதி எடுக்கும் அலுவலகக் கருவி. வியாபாரத்தில் அது நிற்கவில்லை. 1891இல் நியூயார்க்கின் சாமுவேல் ஓரைலி அதே கருத்தை ஒட்டி, தாளுக்குப் பதில் தோலைத் துளைக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். கையால் குத்தினால் நாள்கணக்கில் ஆகும் வேலை மணிக்கணக்குக்கு இறங்கியது. வலியும் விலையும் குறைந்தன, கூட்டம் வந்தது.

வந்த கூட்டத்துக்குக் கிடைத்தது சுவர். கடைச் சுவர் முழுக்க வரைந்து மாட்டிய நங்கூரம், கழுகு, ரோஜா, அம்பு துளைத்த இதயம், குறுக்கே ஒரு நாடா, அதில் பெயர் எழுத இடம். விரலைக் காட்டினால் போதும், அதைக் குத்திவிடுவார்கள். மாலுமிகளும் சிப்பாய்களும் இப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். ஆயிரம் பேர் கையில் ஒரே நங்கூரம். இதையும் வெளிப்பாடு இல்லை என்று தள்ளிவிட முடியாது; பழமொழியைச் சொல்பவனும் தன் மனதில் இருப்பதைத்தானே சொல்கிறான். ஆனால் சொற்கள் கடைக்காரருடையவை. ஜப்பானுக்குப் போய்த் தொழில் பழகித் திரும்பிய டான் எட் ஹார்டி 1974இல் சான் பிரான்சிஸ்கோவில், சுவரை விட்டுவிட்டு, முன்பதிவு செய்து வருபவரோடு உட்கார்ந்து பேசி அவருக்கென்றே வரைந்து குத்தும் கூடம் ஒன்றைத் திறந்தார். ‘எது வேண்டும்?’ என்ற கேள்வி ‘என்ன சொல்ல வேண்டும்?’ என்று மாறியது. இன்று நாம் தனிமனித வெளிப்பாடு என்று சொல்வது பெரும்பாலும் இந்தக் கேள்வியின் பிள்ளை.

அந்த வேலை எப்படி நடக்கிறது என்று அருகில் நின்று பார்க்கலாம். முன்கையில் ரோமத்தை மழித்து, கிருமிநாசினியால் துடைத்து, படம் வரைந்த தாளை ஒட்டி உரிக்கிறார்கள். ஊதா நிறத்தில் ஒரு நிழற்கோடு தோலில் நிற்கிறது. குத்துபவரின் இடது கைக்கு ஓயாத வேலை: தோலை மேளத்தோல் போல இழுத்துப் பிடிக்க வேண்டும், தொய்ந்தால் கோடு நடுங்கும். வலது கையில் இயந்திரம். ஊசி வினாடிக்கு நூறு முறை போல ஏறி இறங்குகிறது. மருத்துவமனை ஊசி மாதிரி இது குழலும் அல்ல, மையை உள்ளே பீய்ச்சுவதும் இல்லை. பொடி ஊசிகள் சில சேர்ந்த ஒரு கட்டு. அவற்றின் இடுக்கில் மை தொங்குகிறது, ஊசி மேலே வரும்போது போட்ட துளைக்குள் இறங்கிக்கொள்கிறது. நாலு விரல் நீளம் கோடு இழுத்ததும் நிறுத்தித் துடைக்கிறார். துடைத்த தாளில் மையும் கொஞ்சம் ரத்தமும். கோடு அடியில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த நாலு விரல். ஆழம் குறைந்தால் இரண்டு மூன்று வாரத்தில் உரியும் தோலோடு மையும் போய்விடும். கூடினால் கொழுப்பு அடுக்கில் பரவி, கோட்டின் ஓரம் ஈரத்தாளில் விழுந்த மை மாதிரி ஊறிவிடும். இடைப்பட்ட அந்த ஒரு மில்லிமீட்டரை அளந்து காட்டக் கருவி கிடையாது. கை சொல்ல வேண்டும்.

உள்ளே போன மை அங்கேயே அசையாமல் கிடக்கிறது என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தார்கள். உடலுக்கு மை ஓர் அந்நியப் பொருள். நோய்க்கிருமிகளை விழுங்கும் காவல் செல்கள் ஓடிவந்து மைத்துகளையும் விழுங்குகின்றன. ஜீரணிக்க முடியாமல் வயிற்றில் வைத்துக்கொண்டு அப்படியே நிற்கின்றன. பிரான்ஸின் மார்செய் நகர ஆய்வாளர்கள் 2018இல், பச்சை குத்திய எலிகளில் இந்தச் செல்களை மட்டும் கொன்றுபார்த்தார்கள். பச்சை மாறவில்லை. செத்த செல் கக்கிய மையைப் பக்கத்தில் புதிதாக வந்த செல் விழுங்கிக்கொண்டது. ஆகவே பத்து வருடமாகக் கையில் நிற்கும் ஒரு பெயர், எத்தனையோ தலைமுறைக் காவலாளிகள் கைமாற்றி வந்த பெயர். கைமாற்றத்தில் துகள்கள் கொஞ்சம் நகர்கின்றன. பழைய பச்சையின் கோடு தடித்து மங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். பொடி எழுத்தில் நீண்ட வாக்கியம் கேட்பவர்களிடம் அனுபவசாலிகள் எழுத்தைப் பெரிதாக்கச் சொல்வது அதனால்தான். பிடிவாதமாகச் சின்னதாகக் குத்திக்கொண்டால், சில வருடங்களில் ‘ஏ’ எது, ‘எ’ எது என்று அவருக்கே சந்தேகம் வரும்.

மக்கள் உண்மையில் எதைச் சொல்லிக்கொள்கிறார்கள்? அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் 2023இல் எடுத்த கணக்கில், வயதுவந்தோரில் 32 சதவீதம் பேருக்குப் பச்சை இருந்தது. ஏன் குத்திக்கொண்டீர்கள் என்ற கேள்விக்கு மிக அதிகமானோர், 69 சதவீதம் பேர், சொன்ன காரணம் ஒருவரை அல்லது ஒன்றை நினைவில் வைத்துப் போற்றுவது. ‘நான் இப்படிப்பட்டவன்’ என்று ஊருக்கு அறிவிப்பதை விட, ‘இவரை நான் மறக்க மாட்டேன்’ என்று தனக்கே எழுதிக்கொள்வதுதான் அதிகம். தனித்துவத்தின் உச்சம் என்று நாம் பேசும் ஒன்று, பெரும்பாலும் இன்னொருவரைப் பற்றியதாக இருக்கிறது. அதே கணக்கில், பச்சை உள்ளவர்களில் நாலில் ஒருவர் ஒன்றையாவது ஏன் குத்தினோம் என்று வருந்தியிருக்கிறார். நாலில் மூன்று பேர் வருந்தவில்லை என்பதுதான் எனக்கு வியப்பு. இருபது வயதில் எடுத்த முடிவுகளில் எத்தனைக்கு இந்த மதிப்பெண் கிடைக்கும்?

தனக்கே எழுதினாலும் படிப்பவர்கள் பிறர். பாடகி ஆரியானா கிராண்டே 2019இல் தன் ‘ஏழு மோதிரங்கள்’ பாடலின் பெயரை உள்ளங்கையில் ஜப்பானிய எழுத்தில் குத்திக்கொண்டார். முழுச் சொல் நீளம், உள்ளங்கையில் வலி உயிர் போகும். நடுவில் சில எழுத்துகளை விட்டுவிட்டார். மிஞ்சிய இரண்டு எழுத்துகள் சேர்ந்தால் ஜப்பானியத்தில் கரியடுப்பு என்று பொருள். திருத்தப் போய் ஓர் எழுத்தைக் கூடச் சேர்த்தும் முழுதாகச் சரியாகவில்லை. சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் தெரிந்த மொழியில் பிழையில்லாமல் எழுதியவருக்கும் நிலைமை அவ்வளவு வேறல்ல. நேர்முகத் தேர்வில் எதிரே இருப்பவர், வந்தவரின் கழுத்தில் உள்ள பறவையைப் பார்த்து எதை நினைக்கிறார் என்பது பறவைக்காரரின் கையில் இல்லை. அவர் மனதில் இறந்துபோன தங்கை. எதிரே இருப்பவர் மனதில், இவர் ஒழுங்காக வேலைக்கு வருவாரா என்ற சந்தேகம். விலா எலும்பிலும் தொடையிலும் மறைத்துக் குத்திக்கொள்பவர்கள் இதை நன்றாக அறிந்தவர்கள். யாருக்குக் காட்டுவது என்ற முடிவை மட்டுமாவது அவர்கள் கையில் வைத்துக்கொள்கிறார்கள்.

சட்டத்துக்கும் இது என்ன வகை என்பதில் குழப்பம்தான். நியூயார்க் நகரம் 1961இல் மஞ்சள் காமாலைப் பரவலைக் காரணம் காட்டித் தடை செய்தது, 1997இல்தான் எடுத்தது. தென் கொரியாவின் உச்ச நீதிமன்றம் 1992இல் பச்சை குத்துவது மருத்துவச் செயல் என்றது. மருத்துவர் அல்லாதவர் குத்தினால் குற்றம். அங்கே ஒரு தலைமுறைக் கலைஞர்கள் பெயர்ப்பலகை இல்லாத அறைகளில் வேலை செய்தார்கள். 2025 செப்டம்பரில்தான் அதை மாற்றும் சட்டம் நிறைவேறியது. ஜப்பானின் உச்ச நீதிமன்றம் 2020இல் மருத்துவம் அல்ல என்று தீர்த்தது. அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 2010இல் இன்னும் மேலே போய், பச்சை மட்டுமல்ல, குத்தும் செயலும் தொழிலும் சேர்ந்தே பேச்சுச் சுதந்திரத்துக்குள் வருகின்றன என்றது.

பேச்சு என்றால் பேசியது யார்? குத்திக்கொண்டவரா, வரைந்தவரா? குத்துச்சண்டை வீரர் மைக் டைசனின் கண்ணோரப் பச்சையைப் போல ஒன்றை வேறொரு நடிகரின் முகத்தில் ஒரு ஹாலிவுட் படம் காட்டியபோது, 2011இல் வழக்குப் போட்டவர் டைசன் அல்ல. அதை வரைந்து குத்திய விக்டர் விட்மில். நீதிபதி படத்தை நிறுத்தவில்லை, ஆனால் அவருடைய பதிப்புரிமை வாதத்தில் வலு இருக்கிறது என்றார். பிறகு சமரசமாகிவிட்டது. லெப்ரான் ஜேம்ஸ் முதலிய கூடைப்பந்து வீரர்களின் பச்சையை வீடியோ விளையாட்டில் வரைந்ததற்காக வந்த இன்னொரு வழக்கில், 2020இல் விளையாட்டு நிறுவனம் வென்றது: தன் உருவத்தோடு தன் பச்சையும் போகும் என்பது குத்திய அன்றே புரிந்துகொள்ளப்பட்டது என்றது நீதிமன்றம். நான் இரண்டாவது தீர்ப்பின் பக்கம். என் முகத்தை நான் வெளியே கொண்டுபோக ஓவியரிடம் அனுமதி கேட்க முடியாது.

மைக்குள் என்ன இருக்கிறது என்பது பலரும் கேட்காத கேள்வி. வண்ண மைகளில் பல, தோலுக்காகப் பிறந்தவை அல்ல. பெயின்டுக்கும் பிளாஸ்டிக்குக்கும் செய்த நிறமிகள். ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரியில் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்களுக்கு மையில் கட்டுப்பாடு விதித்தது. பரவலாகப் பயன்பட்ட ஒரு நீலத்துக்கும் ஒரு பச்சைக்கும் மட்டும் மாற்றுக் கிடைக்க ஓராண்டு கூடுதல் அவகாசம் தந்தது.

வேண்டாம் என்று தோன்றியவர்களுக்கு லேசர் இருக்கிறது. அது மையைத் துடைத்து எடுப்பதில்லை. ஒரு வினாடியின் நூறு கோடியில் ஒரு பங்கு என்ற கணக்கில் எண்ணும் நேரத்தில் பாயும் ஒளித்துடிப்பு, மைத்துகளை உடைத்துப் பொடியாக்குகிறது. அகற்ற முடியாத அளவில் இருந்தவை இப்போது அள்ளிச் செல்லும் அளவுக்குச் சிறியதாகின்றன. மீதி வேலை உடலுடையது. அதனால்தான் வாரக்கணக்கில் இடைவெளி விட்டுப் பல அமர்வுகள் தேவைப்படுகின்றன. கறுப்பு எல்லா ஒளியையும் உறிஞ்சுவதால் சுலபமாக மசிகிறது. மஞ்சளும் பச்சையும் முரண்டு பிடிக்கும். அள்ளிச் செல்லும் துகள்கள் எங்கே போகின்றன? ஒரு பகுதி, லேசர் தொடாதவர்களுக்கும் குத்திய நாளிலிருந்தே போய்ச் சேரும் இடத்துக்குத்தான்: கையில் குத்தியிருந்தால் அக்குளிலுள்ள நிணநீர் முடிச்சுகளுக்கு. அங்கிருந்து வெளியேற வழியில்லாமல் தங்கிவிடுகின்றன. பல வருடம் கழித்து வேறு ஏதோ அறுவைசிகிச்சைக்காக அக்குளைத் திறக்கும் மருத்துவர், கறுத்துப்போன ஒரு முடிச்சைப் பார்த்துத் தோல் புற்றுநோய் பரவியிருக்குமோ என்று ஒரு கணம் திடுக்கிடுவதுண்டு. கையில் எதுவும் தெரியாது. பெயர் அழிந்து எத்தனையோ காலம். முடிச்சை வெட்டிச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, நோயாளி கண் விழித்ததும் அவர் கேட்கும் கேள்வி, எப்போதாவது பச்சை குத்தியிருந்தீர்களா என்பது.